தாமஸ் லிங்கன் என்ற விவசாயியின் குடும்பம்: எது உறுதி, எது ஐயம்?

ஆபிரகாம் லிங்கனின் தந்தை படிப்பறிவில்லாமல் ஊர் ஊராக அலைந்த ஏழை விவசாயி என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது, இணையத்தில் கிடைக்கும் வம்ச வரைபடமோ அந்தக் குடும்பத்தை இங்கிலாந்தின் இடைக்காலப் பிரபுக்கள் வரை கொண்டுபோகிறது, இரண்டில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களோடு வேலை செய்யும் அமெரிக்கர் ஒருவர் தாம் லிங்கனின் நேரடி வம்சத்தவர் என்கிறாரே, அப்படி இருக்கக்கூடுமா என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள். கேள்விகள் வேறுவேறாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கடிதமோ நாட்குறிப்போ விட்டுச் செல்லாத ஒரு விவசாயக் குடும்பத்தைப் பற்றி இத்தனை தலைமுறை கழித்து எந்த ஆதாரத்தைக் கொண்டு பேசுவது? வரலாறு படித்துவிட்டு, அமெரிக்காவின் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலப்பத்திரங்களை வாசித்து உரிமைத் தொடர்ச்சி பார்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவன் நான். ஆகையால் நிலம், வரி, வழக்கு ஆகியவை தொடர்பாக நான் சொல்வதைச் சற்று நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். மரபணு ஆய்வு என் துறை அன்று. அதைப் பற்றி வெளிவந்த முடிவை எடுத்துச் சொல்ல மட்டுமே எனக்குத் தகுதி உண்டு.

முதலில் லிங்கனே இதில் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதைப் பாருங்கள். 1859 டிசம்பரில் தம் வாழ்க்கைக் குறிப்பை ஒரு நண்பருக்கு எழுதியபோது, தம் தந்தைவழி முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுன்டியிலிருந்து (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வர்ஜீனியாவுக்கு வந்தவர்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் இருந்த அதே பெயர்கொண்ட குடும்பத்தோடு உறவு காட்ட நடந்த முயற்சியில், ஏனோக், லேவி, மோர்டெக்காய், சாலமன், ஆபிரகாம் என்று இரு குடும்பங்களிலும் ஒரே மாதிரியான பெயர்கள் வருகின்றன என்பதற்கு மேல் எதுவும் தேறவில்லை என்றும் எழுதினார். அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, 1848இல், மாசச்சூசெட்ஸின் ஹிங்கம் ஊரில் இருந்த ஒரு லிங்கனுக்கும், வர்ஜீனியாவின் ராக்கிங்ஹம் கவுன்டியில் இருந்த இன்னொரு லிங்கனுக்கும் கடிதம் எழுதி விசாரித்துப் பார்த்தவர் அவர். பெயர்கள் ஒத்துப்போனதைக் கண்டும் அதை உறவுக்கு ஆதாரமாக ஏற்கவில்லை. இன்றைய இணைய வரைபடங்களைத் தயாரிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்த நிதானம் இல்லை என்பது என் வருத்தம்.

அவர் காலத்தில் கைக்கு எட்டாத அந்த இணைப்பு பிற்காலத்தில் நிறுவப்பட்டுவிட்டது. நிறுவியவை உயில்களும் கிரயப் பத்திரங்களும்தான். தொடர்ச்சி இதுதான். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள இன்னொரு ஹிங்கமில் 1622 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்ற சாமுவேல் லிங்கன், 1637இல் நெசவாளர் ஒருவரின் பணியாளாகக் கப்பலேறி மாசச்சூசெட்ஸ் வந்தார். 1690இல் அங்கேயே இறந்தார். அவர் மகன் மோர்டெக்காய் கொல்லர், இரும்புப் பட்டறை நடத்தியவர். அந்த மோர்டெக்காயின் மகனுக்கும் மோர்டெக்காய் என்றே பெயர். அவர் நியூ ஜெர்சிக்குப் போய், பிறகு பென்சில்வேனியாவில் குடியேறி 1736இல் இறந்தார். அவர் மகன் ஜான் 1768இல் வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக் கரைக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார். ஜானின் மகன் ஆபிரகாம், உள்ளூர்ப் படையில் கேப்டனாக இருந்தவர், 1780களின் தொடக்கத்தில் கென்டக்கிக்குப் போனார். இந்தக் கேப்டனின் கடைசி மகன்தான் நாம் பேசும் தாமஸ். தாமஸின் மகன் அமெரிக்காவின் பதினாறாவது குடியரசுத் தலைவர்.

இந்தச் சங்கிலியில் பலவீனமாகத் தோன்றிய கண்ணி நியூ இங்கிலாந்துக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே இருந்தது. அதைப் பூட்டியது நியூ ஜெர்சியில் கிடந்த 300 ஏக்கர். இரண்டாம் மோர்டெக்காய் பென்சில்வேனியாவில் எழுதிய உயிலில், ஜெர்சியில் தமக்கு உள்ள 300 ஏக்கரை மகன் ஜானுக்கு விட்டார். பின்னர் ஜான் அந்த நிலத்தை விற்றபோது, இன்னாரின் மகனும் வாரிசுமான இன்னார் என்று பத்திரத்தில் எழுதப்பட்டது. விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்பதைச் சொல்லும் வழக்கம் பல பத்திரங்களில் உண்டல்லவா? யாரும் வம்ச வரலாறு எழுத நினைக்காத இடத்தில் அது தானாக எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே ஹிங்கம் சாமுவேல் வரை உள்ள தந்தைவழித் தொடர்ச்சியை நான் உறுதியானது என்றே எடுத்துக்கொள்வேன்.

உறுதியான தொடர்ச்சிக்குள்ளும் முரண்கள் உண்டு. 1637 ஏப்ரலில் கப்பலேறுமுன் நடந்த விசாரணைப் பட்டியலில் சாமுவேலின் வயது 18 என்று பதிவாகியிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவின்படி கணக்கிட்டால் 14தான் வரும். அந்தப் பட்டியலில் அவர் குடும்பப் பெயரும் ‘லிங்கார்ன்’ என்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. கேப்டன் ஆபிரகாமின் நிலப் பத்திரத்திலோ ‘லிங்க்ஹார்ன்’. இதைக் கண்டு வேறு ஆளோ என்று திகைக்க வேண்டாம். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். வயதைப் பொறுத்தவரை, பையன் கூட்டிச் சொல்லியிருக்கலாம், அல்லது அழைத்துப்போனவர் சொல்லியிருக்கலாம். காரணம் எதுவானாலும் ஆள் ஒருவரே என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

சாமுவேலுக்கு மேலே போனால், அவர் தந்தை எட்வர்ட், தாத்தா ரிச்சர்ட் என்ற இருவர் வரை ஆவணம் பேசுகிறது. ரிச்சர்ட் நார்ஃபோக்கின் சுவான்டன் மார்லி ஊரில் சிறிது சொத்துள்ள விவசாயி. பிந்திய மனைவியின் பிள்ளைகளுக்குச் சாதகமாக உயில் எழுதி, மூத்த மகன் எட்வர்டை ஏறக்குறைய வெறுங்கையோடு விட்டார். எட்வர்டின் பிள்ளைகளில் சிலர் கடல் கடந்து போனதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். பொருத்தமான ஊகம்தான், ஆனால் ஊகம். அதற்கும் மேலே உங்கள் வரைபடம் காட்டும் பிரபுக்களையும் வீரர்களையும் இந்தச் சுவான்டன் மார்லி விவசாயியோடு கட்டிவைக்கும் பத்திரத்தை நான் எங்கும் கண்டதில்லை. லிங்கன் என்பது ஒரு பெரிய நகரத்தின் பெயரும்கூட. அந்த ஊரிலிருந்து வந்த எவரும் அந்தப் பெயரைத் தாங்கியிருக்க முடியும். வரைபடத்தின் மேல்பாதியைக் கிழித்துப் போடலாம் என்பது என் தீர்ப்பு.

இனி தாமஸின் ஏழ்மைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அவர் தந்தை கேப்டன் ஆபிரகாம் ஏழை இல்லை. லின்வில் ஓடைக் கரை நிலத்தை 1780இல் 5,000 பவுண்டுக்கு விற்றார். போர்க்காலக் காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்த நேரம் என்பதால் அந்த எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது. ஆயினும் கென்டக்கியில் அவர் பெயரில் 5,500 ஏக்கருக்கு மேல் நிலம் சேர்ந்தது. 1786 மே மாதம், ஜெஃபர்சன் கவுன்டியில் லாங் ரன் என்ற ஓடையருகே வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடியினர் ஒருவர் சுட்டதில் இறந்தார். மூத்த மகன் மோர்டெக்காய் குடிசைக்குள் ஓடித் துப்பாக்கியை எடுத்து, தம்பி தாமஸைத் தூக்க வந்தவரைச் சுட்டு வீழ்த்தினான் என்பது குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட செய்தி. அந்த நிலத்துக்காக ஷானி முதலிய இனத்தார் போராடிக்கொண்டிருந்தார்கள் என்பதும், வர்ஜீனியா அரசு அவர்களைக் கேட்டு அந்த நிலத்தை விற்கவில்லை என்பதும் இந்தக் குடும்பக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி.

இப்போது தேதியைக் கவனியுங்கள். கென்டக்கி அப்போது தனி மாநிலமாகவில்லை. 1792 வரை அது வர்ஜீனியாவின் பகுதி. ஆகவே வர்ஜீனியாவின் வாரிசுச் சட்டமே அங்கும் செல்லும். உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்ற பழைய ஆங்கிலேய முறையை வர்ஜீனியா சட்டமன்றம் 1785இலேயே நீக்கிவிட்டது. ஆனால் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி முதல் நாள். கேப்டன் ஏழெட்டு மாதம் கூடுதலாக உயிரோடு இருந்திருந்தால் ஐந்து பிள்ளைகளுக்கும் பங்கு வந்திருக்கும். அவர் இறந்தது 1784இல் என்று பேரன் எழுதியிருக்கிறார். அந்த ஆண்டை எடுத்துக்கொண்டாலும் பழைய சட்டமே பொருந்தும். மோர்டெக்காய்க்கு ஆயிரக்கணக்கான ஏக்கர். எட்டு வயதுத் தாமஸுக்கு ஒரு பிடி மண்ணும் இல்லை. வளர்ந்த மோர்டெக்காய் குதிரைகளும் அடிமைகளும் வைத்திருந்த மனிதராகக் கென்டக்கியில் வாழ்ந்தார்; வர்ஜீனியாவில் தங்கிவிட்ட சித்தப்பா ஜேக்கப் கட்டிய செங்கல் வீடு இன்றும் லின்வில் ஓடையருகே நிற்கிறது. தாமஸோ, மகன் எழுதியபடி, சிறுவயதிலேயே கூலிக்கு அலையும் பையனாக, கல்வி என்பதே இல்லாமல் வளர்ந்தார்.

அப்படிப்பட்டவர் 25 வயதில், 1803இல், ஹார்டின் கவுன்டியின் மில் கிரீக்கில் 238 ஏக்கரை 118 பவுண்டுக்கு வாங்கினார். தச்சுவேலைக் கூலியில் சேர்த்ததா, அண்ணன் ஏதாவது கொடுத்தாரா என்பது ஐயத்துக்குரியது. இரண்டையும் சொல்பவர்கள் உண்டு, பத்திரம் விலையைச் சொல்கிறதே தவிரப் பணம் வந்த வழியைச் சொல்லவில்லை. 1808இல் சிங்கிங் ஸ்பிரிங் என்ற ஊற்றையொட்டிய நிலத்துக்கு 200 டாலர் ரொக்கம் கொடுத்தார். 1809 பிப்ரவரி 12 அன்று ஆபிரகாம் பிறந்தது அங்கேதான். 1811இல் நாப் கிரீக்குக்குப் போனார். ஜூரியாக உட்கார்ந்தார், வரி கட்டினார். அடிமைகள் தப்பியோடாமல் கண்காணிக்கும் ரோந்துப் படையிலும் சில காலம் பணியாற்றியிருக்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1814ஆம் ஆண்டு வரிப் பட்டியலில் அந்த வட்டாரத்தின் 98 பேரில் சொத்து மதிப்பில் அவர் பதினைந்தாவது. சோம்பேறி, ஒன்றுக்கும் உதவாதவர் என்ற சித்திரம் இந்தத் தாள்களிலிருந்து எழவில்லை. அது பெரும்பாலும் லிங்கன் இறந்த பிறகு, அவர் எவ்வளவு தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்தார் என்று காட்ட விரும்பியவர்களின் கையில் தடித்துப்போன சித்திரம்.

அப்படியானால் அவர் ஏன் இடம்விட்டு இடம் பெயர்ந்தார்? கென்டக்கியில் அரசு நிலத்தை முன்கூட்டியே அளந்து கொடுக்கவில்லை. பத்திரம் வைத்திருப்பவர் தாமே இடம் பார்த்து அளப்பவரை வைத்து அளந்துகொள்ள வேண்டும். எல்லை என்பது மரம், பாறை, ஓடை வளைவு. சிங்கிங் ஸ்பிரிங் நிலத்தின் அளவை ஒரு பெரிய வெள்ளை ஓக் மரத்திலிருந்து தொடங்கியது. அந்த மரம் 1976 வரை உயிரோடு நின்றதால் இந்த எல்லையாவது தப்பித்தது. மற்ற நிலங்களில் குறிக்கப்பட்ட மரம் விழுந்தால் எல்லையும் விழுந்தது. ஒரே நிலத்தின்மேல் மூன்று நான்கு பேரின் அளவைகள் கூரை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். மில் கிரீக் நிலத்தில் அளவைப் பிழையால் 38 ஏக்கர் கழிந்தது. 1814இல் 200 ஏக்கராகவே அதை விற்க முடிந்தது, அதுவும் 100 பவுண்டுக்கு. சிங்கிங் ஸ்பிரிங் நிலத்தில் முந்தைய உரிமையாளர் ஒருவருக்குச் சேரவேண்டிய பாக்கி வில்லங்கமாக நின்று வழக்கானது. நாப் கிரீக்கில், பழைய பெரிய அளவை ஒன்றுக்கு வாரிசுகளான வெளியூர்க்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் பத்துப் பேர்மீது வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். அதில் தாமஸும் ஒருவர். மூன்று நிலம், மூன்றிலும் பட்டயச் சிக்கல். கென்டக்கியை விட்டுப் போனதற்கு அடிமைமுறை ஒரு பகுதிக் காரணம், நில உரிமைச் சிக்கலே பெரிய காரணம் என்று மகன் 1860இல் எழுதியது பத்திரங்களோடு அப்படியே பொருந்துகிறது.

1816இல் அவர்கள் ஓஹையோ ஆற்றைக் கடந்து போன இண்டியானாவில் நிலைமை நேர்மாறு. 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு நிலத்தை ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 பகுதிகளாகவும் முன்னரே அளந்து கல்லூன்றி வைத்த பிறகே விற்றது. 1817 அக்டோபர் 15 அன்று வின்சென்ஸ் நில அலுவலகத்தில் தாமஸ், ஏக்கர் 2 டாலர் வீதம் 160 ஏக்கருக்குப் பதிந்துகொண்டு, தவணையில் கட்டத் தொடங்கினார். 1819இல் வந்த பணமுடையில் அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் தவணை கட்ட முடியாமல் திணறினார்கள். நாடாளுமன்றம் கொடுத்த சலுகையைப் பயன்படுத்திக் கிழக்குப் பாதியை அரசிடமே திருப்பிவிட்டு, மீதி 80 ஏக்கருக்கு 1827இல் முழு உரிமைப் பட்டயம் பெற்றார். உரிமைச் சிக்கலே வராத நிலம் அவர் வாழ்க்கையில் அதுதான் முதல். ஆனால் அங்கேதான் 1818 அக்டோபர் 5 அன்று மனைவி நான்சி இறந்தார். வெண்பாம்புவேர் என்ற நச்சுச் செடியைத் தின்ற பசுவின் பாலால் வரும் நோய், அப்போது யாருக்கும் காரணம் தெரியாது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற விதவையை மணந்தார். 1830இல் இல்லினாய்க்குப் போனார். 1851 ஜனவரி 17 அன்று இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, இப்போது நேரில் சந்தித்தால் அது இன்பத்தைவிட வேதனையாகவே இருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது என மகன் எழுதிய கடிதம் இருக்கிறது. இருவருக்கும் இடையே என்ன கசப்பு என்று ஊகித்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. அந்த மகனே 1841இல் 200 டாலர் கொடுத்து 40 ஏக்கரைத் தம் பெயரில் வாங்கி, பெற்றோர் உயிருள்ளவரை அனுபவிக்க விட்டார் என்று பத்திரம் சொல்கிறது. அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஐயங்கள் பெரும்பாலும் பெண்கள் பக்கம் இருக்கின்றன, காரணமும் சட்டம்தான். மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது, வரிப் பட்டியலில் பெயர் கிடையாது. கணவன் நிலத்தை விற்கும்போது மட்டும், கைம்பெண்ணானால் அவளுக்குச் சேரவேண்டிய மூன்றில் ஒரு பங்கு உரிமையை அவள் விட்டுக்கொடுக்கிறாளா என்று அதிகாரிகள் தனியாகக் கேட்டுப் பதிய வேண்டும். தாமஸின் தாய் யார் என்ற சச்சரவைத் தீர்த்தது அப்படி ஒரு பதிவுதான். மேரி ஷிப்லி என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஆனால் லின்வில் ஓடை நில விற்பனைக்குச் சம்மதம் கொடுத்த மனைவியின் பெயர் பத்ஷேபா. அவர் ஹெர்ரிங் குடும்பத்துப் பெண் என்பது குடும்ப மரபுச் செய்தியை ஒட்டியது. ஏற்கத்தக்கது, ஆனால் பத்திரத்தின் பலம் அதற்கு இல்லை.

நான்சி ஹேங்க்ஸின் பிறப்பு இன்னும் சிக்கல். அவர் லூசி ஹேங்க்ஸ் என்பவருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர் என்று லிங்கன் ஒருமுறை தம்மிடம் சொன்னதாக அவருடைய சட்டத் தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ண்டன் பிற்காலத்தில் எழுதினார். இதை மறுத்து, முறைப்படி மணந்த வேறு பெற்றோரைக் காட்டியவர்களும் உண்டு. 2015இல் வெளிவந்த தாய்வழி மரபணு ஆய்வு, நான்சி லூசியின் மகள், லூசி ஆன் ஹேங்க்ஸ் என்பவரின் மகள் என்ற கருத்துக்கு ஆதரவாக அமைந்தது. தாய்வழி மரபணு தந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே நான்சியின் தந்தை யார் என்று அடித்துச் சொல்லும் எந்த வரைபடத்தையும் அந்த இடத்தோடு நம்பாமல் விட்டுவிடுங்கள். தாமஸ், நான்சி திருமணம் மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. ஹார்டின் கவுன்டியில் தேடிக் கிடைக்காததால் வதந்திக்கு இடம் கொடுத்த அந்தப் பதிவு, பக்கத்து வாஷிங்டன் கவுன்டி அலுவலகத்தில் இருந்தது: திருமணத்துக்குத் தடையில்லை என்று உறுதிகூறும், 1806 ஜூன் 10 தேதியிட்ட 50 பவுண்டு பிணைப் பத்திரம், அதில் தாமஸின் கையெழுத்து, ஜூன் 12 அன்று ஜெஸ்ஸி ஹெட் என்ற போதகர் மணம் முடித்துவைத்ததாகக் குறிப்பு. மகனுக்குத் தந்தை வேறொருவர் என்று பின்னாளில் கிளம்பிய கதைகள் பல. நான் பார்த்தவரை அவற்றில் ஒன்றும் இந்த ஆவணங்களையும் ஆண்டுக் கணக்கையும் தாண்டி நிற்கவில்லை.

உங்களோடு வேலை செய்பவரைப் பற்றி. தாமஸுக்கு மூன்று பிள்ளைகள்: கைக்குழந்தையாகவே இறந்த தாமஸ், 1828இல் பிரசவத்தில் இறந்த சாரா, ஆபிரகாம். ஆபிரகாமின் நான்கு மகன்களில் ராபர்ட் ஒருவர் மட்டுமே வளர்ந்து குடும்பம் கண்டார். ராபர்ட்டின் மகள்வழிப் பேரன், மறுக்கப்படாத கடைசி வாரிசு, 1985 டிசம்பரில் பிள்ளையின்றி இறந்தார். ஆகவே நேரடி வம்சம் என்ற சொல் பொருந்தாது. ஆனால் தாமஸின் அண்ணன்மார் மோர்டெக்காய், ஜோசையா, அக்கா மேரி, தங்கை நான்சி ஆகியோருக்கும், பழைய ஹிங்கம் கிளைகளுக்கும் வழித்தோன்றல்கள் ஏராளம். அவர் சொல்வது அந்த வகை உறவாக இருந்தால் முற்றிலும் நடக்கக்கூடியது. அவரிடம் எந்தக் கவுன்டி, எந்த ஆண்டு என்று இரண்டு விவரம் கேட்டு வாங்குங்கள். கென்டக்கியாக இருந்தால் அந்தந்தக் கவுன்டி எழுத்தர் அலுவலகத்தின் பத்திரப் பதிவேட்டையும் திருமணப் பிணைகளையும் பார்க்க வேண்டும். இண்டியானா, இல்லினாய் என்றால் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை பழைய பட்டயங்களின் படங்களை இணையத்தில் கட்டணமின்றி வைத்திருக்கிறது, பெயரைக் கொடுத்தால் வரும். குடும்பப் பெயரை லிங்க்ஹார்ன், லிங்கெர்ன் என்றும் மாற்றி மாற்றித் தேட மறக்காதீர்கள்.